அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு: வரி போடுவது உங்கள் வேலை

பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் இருக்கும் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

இந்த மடல் தமிழில் இருக்கிறது. உங்களில் ஓரிருவரைத் தவிர யாருக்கும் புரியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், ‘கருத்துத் தெரிவித்தமைக்கு நன்றி’ என்று அச்சடித்த பதில் ஒன்று வரும். தமிழில் எழுதினால் உங்கள் தொகுதிகளில் ஓட்டுரிமையோடு இருக்கும் தமிழர்கள் படிப்பார்கள். அடுத்த முறை நீங்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது அவர்கள் கேள்வி கேட்பார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

2025 மார்ச் 11 அன்று பிரதிநிதிகள் சபை ஒரு நடைமுறை விதியை நிறைவேற்றியது. அரசுச் செலவுக்கான மசோதாவோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் பலருடைய கண்ணில் அது படவே இல்லை. 1976-ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டப்படி, அதிபர் அறிவித்த அவசரநிலையை முடிக்கச் சொல்லி ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தால், இத்தனை நாள்களுக்குள் அதை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று கணக்கு உண்டு. கனடா, மெக்சிகோ, சீனா மீது அதிபர் டிரம்ப் போட்ட இறக்குமதி வரிகள் 2025 பிப்ரவரி 1 அன்று அவர் அறிவித்த அவசரநிலையின் மேல்தான் நின்றன. தீர்மானம் வந்தால் ஓட்டுப் போட்டாக வேண்டும். அதைத் தவிர்க்கச் சபை கண்டுபிடித்த வழி இது: அந்தத் தீர்மானத்தைப் பொறுத்தவரை, கூட்டத்தொடரில் மிச்சமிருக்கும் எந்த நாளும் நாளாகவே கணக்கில் வராது.

மறுபடி படித்துப் பாருங்கள். நாள், நாள் இல்லை என்று சட்டம் போட்டிருக்கிறீர்கள். வீட்டு வாடகைக்கும் கிரெடிட் கார்டு கெடுவுக்கும் எங்களுக்கு அப்படி ஒரு சலுகை கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அதே உத்தியை ஏறக்குறைய உலக நாடுகள் எல்லாவற்றின் மீதும் ஏப்ரலில் வந்த வரிகளுக்கும் நீட்டித்தீர்கள். செனட் அந்த அளவுக்குப் போகவில்லை. கனடா மீதான அவசரநிலையை முடிக்க ஏப்ரல் 2 அன்று 51-48 என்று அங்கே ஓட்டு விழுந்தது. அக்டோபர் கடைசியில் பிரேசில், கனடா, உலகளாவிய வரிகள் என மூன்றுக்கும் தனித்தனியாகத் தீர்மானம் நிறைவேறியது. நாள்களே இல்லாத கீழ்ச்சபையில் அந்த ஆண்டு அவை வாக்கெடுப்புக்கு வரவில்லை.

வரி வேண்டாம் என்று சொல்லும் துணிச்சலும் இல்லை, வேண்டும் என்று பெயர் போட்டு ஓட்டளிக்கும் துணிச்சலும் இல்லை. விலை ஏறினால் அது அதிபரின் முடிவு, எங்காவது ஆலை திறந்தால் நாடா வெட்ட நீங்கள். நான் குற்றம் சொல்வது இதைத்தான். வரி அதிகமா, குறைவா என்ற சண்டையை அப்புறம் போடலாம். யார் போடுவது என்பதை முதலில் பேசுவோம்.

அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, 8-ஆம் உட்பிரிவு, முதல் வரியிலேயே விடை இருக்கிறது. வரியும் சுங்கத் தீர்வையும் விதிப்பது காங்கிரஸின் அதிகாரம். வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவதும் காங்கிரஸின் அதிகாரம். சட்டம் படிக்காத எனக்கே புரிகிற மொழியில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதை ஏன் கைமாற்றினீர்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1930-இல் காங்கிரஸ் தானே உட்கார்ந்து வரி போட்டுப் பார்த்தது. ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதிச் சரக்குக்குப் பாதுகாப்புக் கேட்டார். உன்னுடையதற்கு நான், என்னுடையதற்கு நீ என்று ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு வரி ஏறியது. கையெழுத்துப் போடாதீர்கள் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் அதிபர் ஹூவருக்கு எழுதினார்கள். ஜூன் 17 அன்று அவர் கையெழுத்துப் போட்டார். கனடா உடனே பதிலடி கொடுத்தது. 1932-இல் ஒட்டாவாவில் பிரிட்டனும் அதன் கூட்டாளிகளும் கூடித் தங்களுக்குள் சலுகை வரி வைத்துக்கொண்டு அமெரிக்காவை வெளியே நிறுத்தினார்கள். 1929-க்கும் 1934-க்கும் இடையில் உலக வர்த்தகத்தின் மதிப்பு மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. அந்தச் சரிவு முழுவதையும் ஒரு சட்டத்தின் தலையில் கட்ட முடியாது, பெருமந்தம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஆனால் எரிந்த இடத்தில் எண்ணெய் ஊற்றியது அந்தச் சட்டம். அதைக் கொண்டுவந்த ஸ்மூட், ஹாலி இருவருமே 1932-இல் பதவியை இழந்தார்கள்.

அந்தச் சூட்டில்தான் 1934-இல் பரஸ்பர வர்த்தக ஒப்பந்தச் சட்டம் வந்தது. பிற நாடுகளோடு பேசி, ஒப்பந்தம் போட்டு, வரிகளைப் பாதிவரை மாற்றும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்தீர்கள். வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் அதைப் பயன்படுத்தி நாடு நாடாக ஒப்பந்தம் போட்டார். 1947-இல் ஜெனீவாவில் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் என்ற பொது வர்த்தக ஒப்பந்தம் அதன் தொடர்ச்சி. ஆக, அதிகாரத்தைக் கொடுத்த நோக்கம் வேலியைத் தாழ்த்துவது. பிறகு 1962-இல் தேசப் பாதுகாப்பு என்ற பெயரில் 232-ஆம் பிரிவு, 1974-இல் வர்த்தகச் சட்டத்தின் 122, 201, 301-ஆம் பிரிவுகள், 1977-இல் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம் என்று வரிசையாகக் கதவுகளைத் திறந்தீர்கள். கடைசிச் சட்டத்தில் வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. எதிரி நாட்டின் சொத்தை முடக்கவும் தடைகள் விதிக்கவும் அது பயன்பட்டு வந்தது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தவர் திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வார். நீங்கள் 90 ஆண்டுகளாக வாங்கவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம்.

இறக்குமதி வரியை வெளிநாடு கட்டுகிறது என்று மேடையில் சொல்வது சுலபம். துறைமுகத்தில் நடப்பது வேறு. சரக்கு வந்து இறங்கியதும் சுங்கத் துறைக்குப் பணம் கட்டுகிறவர் இங்கே பதிவான இறக்குமதியாளர். அதன் பிறகு அந்தச் சுமை எங்கே போகும்? விற்ற வெளிநாட்டுக்காரர் விலையைக் குறைத்துக் கொஞ்சம் ஏற்கலாம், இறக்குமதியாளர் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மிச்சம் கடை அலமாரிக்கு வரும். 2018, 2019 ஆண்டுகளின் வரிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், வெளிநாட்டுக்காரர்கள் விலையை ஏறக்குறைய குறைக்கவே இல்லை, சுமை முழுவதும் இந்த நாட்டுக்குள்தான் விழுந்தது என்று கண்டார்கள். 2024 நிதியாண்டில் சுங்க வரியாக வந்தது சுமார் 77 பில்லியன் டாலர், 2025 நிதியாண்டில் சுமார் 195 பில்லியன். ‘வெளிநாட்டிலிருந்து வந்த பணம்’ என்று பெருமை பேசும் உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். தங்கள் தொகுதியில் உள்ள ஒரு சுங்கத் தரகரிடம் போய், யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து போகிறது என்று கேட்டுவிட்டுப் பேசலாம்.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹவாயிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கொஞ்சம் விளைவதைத் தவிர இந்த நாட்டில் காபி கிடையாது. வரி போட்டால் பாதுகாக்க உள்ளூர் விவசாயி இல்லை, திறக்க ஆலை இல்லை. இங்கே குடிக்கும் காபியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரேசிலிலிருந்து வருகிறது. 2025 ஆகஸ்டில் பிரேசில் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி வந்தது. காரணம் வர்த்தகமா? பிரேசிலோடு அமெரிக்காவுக்குப் பற்றாக்குறையே இல்லை, உபரிதான். அங்கே முன்னாள் அதிபர் பொல்சொனாரோ மீது நடந்த வழக்கைக் காரணமாகக் கடிதத்திலேயே எழுதினார் அதிபர் டிரம்ப். இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குக்கு, இங்கே காலையில் காபி போடுகிறவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? அந்த இலையுதிர்காலத்தில் அரைத்த காபி ஒரு பவுண்டு 9 டாலரைத் தாண்டியது. வறட்சியும் அதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நவம்பர் 14 அன்று காபி, வாழைப்பழம், தக்காளி, மாட்டிறைச்சி எல்லாவற்றுக்கும் விலக்கு அறிவிக்கப்பட்டது, சில நாள்களில் பிரேசில் காபிக்கும் கிடைத்தது. வரியால் விலை ஏறாது என்றால் விலையைக் குறைக்க வரியை ஏன் எடுத்தார்கள்? இந்தக் கேள்வியை உங்கள் குழுக் கூட்டங்களில் எவரும் சத்தமாகக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வாஷிங் மெஷின் கதை இன்னும் பழையது, அதனால் கணக்கும் முடிந்திருக்கிறது. 2018 ஜனவரியில் இறக்குமதி மெஷின்களுக்கு முதல் 12 லட்சம் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம் என்று வரி போட்டார்கள். விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே இல்லாத ட்ரையர் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது, ஏனென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் மக்கள் வாங்குகிறார்கள். உள்ளூரில் செய்த மெஷினுக்கும் விலை கூடியது. போட்டியாளன் விலை ஏறும்போது யார் சும்மா இருப்பார்கள்? வேலை கிடைத்ததா என்றால், கிடைத்தது. சுமார் 1,800 பேருக்கு. ஆய்வு செய்தவர்கள் மொத்தச் செலவை அதால் வகுத்துப் பார்த்தார்கள். ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்தது ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கும் மேல். அந்த 1,800 குடும்பங்களுக்கு நேரடியாகக் காசோலை எழுதிக் கொடுத்திருந்தால்கூட மலிவாக முடிந்திருக்கும்.

வரியின் அளவைவிட மோசமானது அது அடிக்கடி ஆடும் ஆட்டம். சீனப் பொருள்களுக்கு 2025 பிப்ரவரியில் கூடுதலாக 10 சதவீதம், மார்ச்சில் 20, ஏப்ரலில் 145, மே மாதம் 30. இங்கே விற்கும் பொம்மைகளில் பெரும்பாலானவை சீனாவில் செய்தவை. கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய பொம்மைக்கு ஆர்டர் கொடுப்பது வசந்த காலத்தில்தான். கப்பல் கடலில் இருக்கும்போதே வரி மாறினால், பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் என்ன விலை போடும்? பெரிய நிறுவனம் முன்கூட்டியே கிடங்கை நிரப்பிக்கொள்ளும், வழக்கறிஞரை வைத்து விலக்குக் கேட்கும். சின்ன நிறுவனம் ஆர்டரை ரத்து செய்யும், அல்லது கடன் வாங்கும். நீங்கள் சட்டம் போட்டு வரி போட்டிருந்தால் குறைந்தது எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பண்ணைகளிலும் இதே கதைதான். 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாபீன்ஸுக்கு 25 சதவீதப் பதிலடி வரி போட்டது. வாங்குவதை பிரேசிலுக்கு மாற்றிக்கொண்டது. இழப்பை ஈடுகட்ட இரண்டு ஆண்டுகளில் 28 பில்லியன் டாலர் உதவியை அரசு அறிவித்தது, அதுவும் எங்கள் வரிப்பணம். 2025 செப்டம்பரில் சீனா அமெரிக்காவிலிருந்து வாங்கிய சோயாபீன்ஸ் பூஜ்யம். அதே மாதம் அர்ஜென்டினாவின் நாணயத்தைத் தாங்கிப் பிடிக்க 20 பில்லியன் டாலர் பரிமாற்ற வசதி தருவதாக நம் நிதியமைச்சகம் சொன்னது. அர்ஜென்டினா அதே வாரம் தன் ஏற்றுமதி வரியைத் தற்காலிகமாக நிறுத்தி, சீனாவுக்குக் கப்பல் கப்பலாக சோயாபீன்ஸ் விற்றது. அயோவாவிலும் இல்லினாயிலும் அறுவடை தொடங்கும் நேரம் அது. டிசம்பரில் மறுபடி 12 பில்லியன் டாலர் உதவி. விவசாயிக்கு வேண்டியது வாங்குகிற ஆள். நீங்கள் அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது நிவாரணம்.

இனி நட்பு நாடுகள். இதில்தான் எனக்கு உண்மையான கோபம்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, நியூஃபவுண்ட்லாந்தில் கேண்டர் என்ற சிற்றூரில் 38 விமானங்கள் இறங்கின. ஏறத்தாழ 10,000 பேர் வாழும் ஊர், 6,600 பேருக்கு மேல் விருந்தினர். பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் படுக்க வைத்து நாள்கணக்கில் சோறு போட்டார்கள். ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோ ராணுவக் கூட்டணியின் 5-ஆம் பிரிவு வரலாற்றில் ஒரே முறைதான் பயன்பட்டிருக்கிறது, அதுவும் அமெரிக்காவுக்காக. அதன்பின் ஆப்கானிஸ்தானில் கனடா 158 ராணுவத்தினரை இழந்தது. அந்த நாட்டின் மீது 2018-இல் ‘தேசப் பாதுகாப்பு’ என்ற பிரிவைப் பயன்படுத்தி எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வரி போட்டோம். 2025-இல் ஃபென்டனில் போதைப்பொருளைக் காரணம் காட்டி அவசரநிலை அறிவித்தோம். 2024 நிதியாண்டில் வடக்கு எல்லையில் பிடிபட்ட ஃபென்டனில் சுமார் 43 பவுண்டு. தெற்கு எல்லையில் 21,000 பவுண்டுக்கு மேல். 43 பவுண்டும் உயிர்களைக் கொல்லும், சரி. அதற்கு மருந்து 25 சதவீத இறக்குமதி வரியா? வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட பொருள்களுக்குச் சில நாள்களில் விலக்கு வந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒப்பந்தமே இதே அதிபர் பேசி முடித்து, நீங்கள் ஓட்டுப் போட்டு, 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தே ஆண்டுகளில் நம் கையெழுத்தை நாமே மதிக்கவில்லை. போதாக்குறைக்கு, ‘51-ஆவது மாநிலம்’ என்ற கேலி வேறு.

கனடாக்காரர்கள் அமைதியானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாகாணங்கள் கடை அலமாரிகளிலிருந்து அமெரிக்க மதுவை எடுத்துவிட்டன, கென்டக்கி போர்பன் விஸ்கி உட்பட. காரில் இங்கே வந்துபோகும் கனடாக்காரர்களின் எண்ணிக்கை 2025-இல் பல மாதங்களில் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எல்லையோர ஊர்களில் மோட்டல், உணவகம் நடத்துகிறவர்களுக்கு வரி விகிதமெல்லாம் புரிய வேண்டியதில்லை, காலியான பார்க்கிங்கைப் பார்த்தாலே போதும். பொருளாதாரத்தாலும் ராணுவ ஒத்துழைப்பாலும் பின்னிப் பிணைந்த பழைய உறவு முடிந்துவிட்டது என்று பிரதமர் மார்க் கார்னி மார்ச்சிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்களை வாங்கும் முடிவை மறுஆய்வு செய்யவும் உத்தரவிட்டார். வரியை ஓர் ஆணையால் எடுத்துவிடலாம். போர் விமானம் 30, 40 ஆண்டு உறவு. அதை வாங்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசிக்கத் தொடங்கிவிட்டால் அந்த யோசனையை எந்த ஆணை எடுக்கும்?

தென்கொரியாவோடு 2012-இலிருந்து சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. பெரும்பாலான பொருள்களுக்கு இரண்டு பக்கமும் வரி இல்லை. அவர்களுக்கும் 25 சதவீதம் என்றோம். 350 பில்லியன் டாலர் முதலீடு செய்கிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு 15 ஆக்கினோம். முதலீட்டுக்கு வந்தவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைத்தது? செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியாவில் ஹூண்டாய், எல்ஜி கூட்டாகக் கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் குடியேற்றச் சோதனை. 475 பேர் பிடிபட்டார்கள், 300-க்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். ஆலை கட்ட வா என்று அழைத்தோம், கட்ட வந்தவர் கையில் விலங்கு மாட்டினோம். ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாத வெளியுறவுக் கொள்கை இது. ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் இரண்டோடும் நமக்கு ஒப்பந்தம் உண்டு, வர்த்தக உபரியும் உண்டு. அவர்களுக்கும் 10 சதவீதம். மனிதர் யாரும் இல்லாத, பெங்குவின்கள் வாழும் ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கும் அதே 10 சதவீதம்தான் போட்டார்கள். பெங்குவினுக்கும் நண்பனுக்கும் ஒரே விகிதம் என்றால் ஒப்பந்தம் எதற்கு என்று சிங்கப்பூரில் ஒருவர் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

இந்தியாவைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. தமிழில் எழுதுகிறவன் அதைத்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். ஒன்று மட்டும். 2005-இன் அணுசக்தி உடன்பாட்டுப் பேச்சிலிருந்து இரண்டு கட்சி அதிபர்களும் 20 ஆண்டுகள் பாடுபட்டு அந்த உறவைக் கட்டினார்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை என்று 2025 ஆகஸ்ட் 27 முதல் மொத்த வரி 50 சதவீதம் ஆனது. அதே வாரக் கடைசியில் இந்தியப் பிரதமர் ஏழு ஆண்டுகளில் முதல் முறையாகச் சீனாவுக்குப் போனார். அதற்கு வரி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெய்ஜிங்கில் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

நண்பர்கள் எதற்கு என்று கேட்கும் உறுப்பினர்களும் உங்களில் உண்டு. சீனாவுக்கு மிக நுட்பமான சிப் செய்யும் இயந்திரம் போகக் கூடாது என்பது உங்கள் இரு கட்சிகளின் கொள்கை. அந்த இயந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அமெரிக்கா கேட்டது, நெதர்லாந்து ஏற்றுமதி உரிமத்தை நிறுத்தியது. அவர்கள் ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் உங்கள் கொள்கை வெறும் காகிதம். 2025 ஏப்ரலில் நம் வரிக்குப் பதிலாகச் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. அவற்றில் செய்யும் காந்தம் கிடைக்காமல் மே மாதம் ஃபோர்டு தன் சிகாகோ ஆலையை ஒரு வாரம் மூடியது. அங்கே சம்பளம் வாங்கும் தொழிலாளியின் வீட்டில் அது வெளியுறவுக் கொள்கை என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் முக்கியக் கனிமங்களுக்காக நாம் யாரிடம் போய் ஒப்பந்தம் போட்டோம்? அதே 10 சதவீத ஆஸ்திரேலியாவிடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் எழுந்துபோன மேசை காலியாக இருப்பதில்லை. 2017 ஜனவரியில் பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினோம். மிச்சமிருந்த 11 நாடுகளும் நம்மை விட்டுவிட்டு 2018-இல் கையெழுத்திட்டன, அந்த ஆண்டுக் கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனும் 2024 டிசம்பரில் அதில் சேர்ந்தது. 2019-இல் ஜப்பானில் அமெரிக்க மாட்டிறைச்சி விற்பவர் ஆஸ்திரேலியாக்காரரைவிட மோசமான இடத்திலிருந்து பேரம் பேச வேண்டியிருந்தது.

இப்போது மறுபக்கம். அது இல்லாமல் இந்த மடல் நேர்மையானதாக இருக்காது. 1999-க்கும் 2011-க்கும் இடையில் சீன இறக்குமதியால் போன வேலைகள் 20 லட்சத்துக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆலை மூடிய ஊர்களில் அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. வர்த்தகம் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிவிட்டு அந்த ஊர்களைத் திரும்பிப் பார்க்காமல் போனது இரு கட்சிகளும்தான். சீன வரிகளை அதிபர் பைடன் எடுக்கவில்லை, மின்சார கார்களுக்கு 2024-இல் 100 சதவீதமாக ஏற்றவும் செய்தார். எனக்கு எல்லா வரியும் தீமை என்ற கொள்கை கிடையாது. அரசு மானியத்தால் விலையை அடித்து நொறுக்கும் சரக்குக்கு வரி போடலாம், போட வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் 2018-இன் வரிகளை ஆராய்ந்த ஃபெடரல் ரிசர்வ் பொருளாதார அறிஞர்கள் இருவர், உற்பத்தித் துறையின் மொத்த வேலைவாய்ப்பு கூடவில்லை, குறைந்தது என்று கண்டார்கள். எஃகு செய்பவர்களைவிட எஃகு வாங்கிப் பொருள் செய்பவர்கள் பல மடங்கு அதிகம், அவர்களுக்கு மூலப்பொருள் விலை ஏறியது. பதிலடி வரியால் ஏற்றுமதியும் அடிபட்டது. எந்த வரி எந்த ஊருக்கு என்ன செய்யும் என்பதை விசாரணை வைத்து, சாட்சி கேட்டு, கணக்குப் போட்டு முடிவு செய்ய ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் காங்கிரஸ் என்று பெயர்.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லாதீர்கள். சர்வதேச வர்த்தக நீதிமன்றம் 2025 மே மாதமும், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டிலும் அவசரகாலச் சட்டத்தை வைத்து இந்த வரிகளைப் போட முடியாது என்று சொன்னன. நவம்பரில் வாதம் கேட்ட உச்ச நீதிமன்றமும் 2026 பிப்ரவரியில் அதையே சொன்னது. ஆனால் நீதிபதிகள் ஒரு கதவைப் பற்றித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். 232, 301, 122 என்று மற்ற கதவுகளைத் திறந்து வைத்தவர்கள் நீங்கள், மூடவும் நீங்கள்தான் வேண்டும்.

என்ன செய்யலாம் என்பதற்கு நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அயோவாவின் சக் கிராஸ்லியும் வாஷிங்டன் மாநிலத்தின் மரியா கான்ட்வெல்லும், ஆளுக்கொரு கட்சி, 2025 ஏப்ரலில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அதிபர் புதிதாக வரி போட்டால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்குக் காரணம் சொல்ல வேண்டும். 60 நாள்களுக்குள் நீங்கள் ஒப்புதல் தராவிட்டால் வரி காலாவதி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1983-இல் சாதா (Chadha) என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு அதிபரின் நடவடிக்கையை ரத்து செய்ய இரு சபைகளும் தீர்மானம் போட்டு, அதை அதிபர் நிராகரித்தால் மூன்றில் இரண்டு பங்கு சேர்க்க வேண்டும். அதாவது தடுக்க மலையை ஏற வேண்டும். இந்த மசோதா அதைத் தலைகீழாக்குகிறது: நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் வரி தானாகவே போய்விடும். அதை நிறைவேற்றுங்கள். 232-க்கும் அதே கெடுவை வையுங்கள். ஒப்பந்தம் உள்ள நாடுகளின் மீது உங்கள் ஓட்டு இல்லாமல் வரி போடக் கூடாது என்று எழுதுங்கள். நாள்களை நிறுத்தி வைக்கும் அந்த விதியை, எந்தக் கட்சி அதிபருக்காகவும், இனி எழுதாதீர்கள்.

உங்கள் அதிகாரம் கைக்குத் திரும்பியதும் முதலில் எடுக்க ஒரு சின்ன வேலையும் சொல்கிறேன். உங்கள் சொந்த வரிப் பட்டியலைத் திறந்து பாருங்கள், 2025-க்கு முன்பிருந்த பழைய பட்டியலை. காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டருக்கு 4 சதவீதம். அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு 32 சதவீதம். ஆண்களின் தோல் ஷூவுக்கு 8.5 சதவீதம், மலிவான சில ரப்பர் அடி ஷூக்களுக்கு 48 சதவீதம்வரை. பணக்காரர் வாங்குவதற்குக் குறைவு, ஏழை வாங்குவதற்கு அதிகம். பல பத்தாண்டுகளாக இரண்டு கட்சிகளும் பார்த்துக்கொண்டிருந்த அநியாயம் இது, இதில் டிரம்புக்குப் பங்கில்லை. அதைத் திருத்த அவசரநிலை எதுவும் வேண்டாம், எந்த நாட்டிடமும் பேரம் பேச வேண்டாம். பிரதிநிதிகள் சபையின் வரிகளுக்கான குழு ஒரு மசோதா எழுதினால் போதும். எந்தக் கட்சி எழுதினாலும் எனக்குச் சரி. யார் எழுதுகிறீர்கள் என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்